பறக்கும் படை சார் பின்கட்டுக்குப் போன விதம்

அப்பா பரீட்சையில் தோற்க வேண்டும் என்று ஐந்து மாதம் ஜெபம் செய்தேன். பாலக்கரையில் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் செவ்வாய்தோறும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஒருமுறை பக்கத்தில் நின்ற பெண், "யாருக்கு வேண்டுதல்?" என்று கேட்டார்.

"அப்பாவுக்கு. பரீட்சை வருது."

"கவலைப்படாதீங்க. கண்டிப்பா பாஸாயிருவாரு."

அவர் சொன்னதுதான் பலித்துக்கொண்டே இருந்தது.

அப்பா இந்த ஜூலையில் இறந்துவிட்டார். வயது எழுபத்தொன்பது. பெயர் செபஸ்தியான். அந்தப் பெயரைச் சொன்னால் திருச்சியில் யாருக்கும் தெரியாது. "பறக்கும் படை சார்" என்றால் இப்போது ஐம்பது வயதைத் தாண்டிய சிலர் தங்களையறியாமல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

கணக்கு ஆசிரியர். முப்பத்து நான்கு ஆண்டு வேலை. அதில் இருபத்திரண்டு மார்ச் மாதங்கள் அரசுப் பொதுத்தேர்வின் பறக்கும் படையில் இருந்தார். அதாவது, காலையில் கையில் ஓர் ஆர்டர் கொடுப்பார்கள். அதில் தேதியும் ஊரும் இருக்கும். ஜீப்பில் ஏறிச் சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பள்ளிக்குள் நுழைந்து, காப்பி அடிப்பவர்களைப் பிடிக்க வேண்டும். துறையூரில் கைக்கடிகாரப் பட்டைக்குள் பிட் பிடித்தார். லால்குடியில் ஒருவன் உடையாத கைக்கு மாவுக்கட்டு போட்டு வந்தான். மணப்பாறையில் மதியத்துக்கென்று கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தின் காகிதத்தில் பித்தாகரஸ் தேற்றம் இருந்தது. எண்ணெயில் நனைந்து இரண்டு பக்கமும் தெரிந்ததாம்.

யாரையும் அடித்ததில்லை, திட்டியதில்லை. பிட்டை வாங்குவார், வெளிச்சத்தில் பிடிப்பார், இரண்டு பக்கமும் படிப்பார். விடை தப்பாக இருந்தால் சிவப்புப் பேனாவால் திருத்துவார். பிறகு வழக்கு எழுதுவார். "பிட்டையாவது ஒழுங்கா எழுதக் கூடாதா?" என்பதுதான் அவருடைய அதிகபட்சக் கோபம். அம்மா மளிகைச் சீட்டை இடுப்பில் செருகினால்கூட அவர் கண் அங்கே போகும்.

அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் மறதி வெளியே தெரிந்தது. அதுவரை அம்மா அவருக்கும் சேர்த்து நினைவு வைத்திருந்திருக்கிறார். ஃபிரிட்ஜில் செருப்பு இருந்தது. காலை உணவு மூன்று முறை நடந்தது. ரத்த அழுத்த மாத்திரையை ஒரே நாளில் நான்கு முறை போட்டு, கூடத்தில் மயங்கி விழுந்தார். நான் துவாக்குடியில் ஓர் ஆலையில் வெல்டிங் இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்கிறேன். வீட்டுக்கு வர மாலை ஏழாகிவிடும். வேறு யாரும் இல்லை.

போன அக்டோபரில் ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் உள்ள ஓர் இல்லத்தில் சேர்த்தேன். பெயர் மாலை நிழல். சுற்றிலும் வாழைத் தோப்பு. இரண்டு கட்டடம். பலகையில் ஒன்றுக்கு 'அசிஸ்டட் லிவிங்' என்றும் இன்னொன்றுக்கு 'மெமரி கேர்' என்றும் எழுதியிருக்கும். உள்ளே இருப்பவர்கள் முன்கட்டு, பின்கட்டு என்பார்கள். சாம்பார் ஒன்றுதான். கட்டில் ஒன்றுதான்.

வித்தியாசம் என்ன என்று நிர்வாகி லூர்துராணியிடம் கேட்டேன். முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர்.

"முன்கட்டுல மணி இருக்கும். அடிச்சா ஆள் வரும். குளிக்க, துணி மாட்ட, மாத்திரை எடுக்க, எதுக்குக் கூப்பிட்டாலும் வருவோம். மத்தபடி அவங்க வீடு மாதிரி. கேட் திறந்திருக்கும், கடைக்குப் போயிட்டு வரலாம்."

"பின்கட்டுல?"

"மணியே இல்ல."

"ஏன்?"

"மணி இருக்குறதே அங்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. கூப்பிடாமலே நாங்க போகணும். கேட் பூட்டியிருக்கும். நாலு பேருக்கு ஒரு ஆள், தினமும் அதே ஆள்."

அப்பாவுக்கு எது என்று நான் கேட்கவில்லை. அப்பாவிடமே கேட்டேன். அவர் திறந்த கேட்டைப் பார்த்து, "இது பரவால்ல" என்றார். முன்கட்டில் ஏழாம் எண் அறை.

நவம்பரில் குளியலறையில் விழுந்தார். மணியின் கயிறு அவர் முகத்துக்கு நேராக, கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். காபி கொண்டுபோன பெண்தான் கண்டுபிடித்தாள்.

"ஏன் சார் மணி அடிக்கல?" என்று லூர்துராணி கேட்டார்.

"கடைசிப் பத்து நிமிஷத்துலதான் அடிக்கணும். முன்னாடி அடிச்சா பசங்க பதறிருவாங்க."

எலும்பு முறியவில்லை. அன்று எனக்கு வித்தியாசம் புரிந்தது. முன்கட்டு என்பது கூப்பிடத் தெரிந்தவர்களுக்கு. அப்பாவைப் பின்கட்டுக்கு மாற்றுங்கள் என்றேன்.

"அப்படிச் சட்டுனு முடியாது பெலிண்டா" என்றார் லூர்துராணி. "பூட்டுன கதவுக்கு உள்ள ஒரு மனுஷனை வைக்கணும்னா காரணம் வேணும். பிள்ளைங்க சொன்னாங்கன்னு வச்சா நாளைக்கு யாரை வேணா யாரும் வச்சிரலாம். ஆஸ்டின் வந்து பரீட்சை வைப்பாரு. முப்பது மார்க். பதினெட்டுக்குக் கீழ வந்தா மாத்திரலாம். மேல வந்தா அவர் சம்மதிக்கணும்."

நியாயமான விதி. நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஆஸ்டின் மனநலப் பரிசோதகர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாள் சொல்லாமல் வருவார். இன்று என்ன கிழமை, என்ன தேதி, இது எந்த இடம், எந்த மாடி. மூன்று பொருளின் பெயரைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார். இப்படிப் போகும்.

அப்பா இருபத்து நான்கு வாங்கினார்.

அதே நாள் மாலை என்னிடம், "நீங்க எந்த ஸ்கூல்?" என்று கேட்டார்.

பிப்ரவரியில் அடுத்த பரீட்சை. தற்செயலாக நான் அங்கே இருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். அப்பாவுக்குப் பக்கத்தில் எட்டாம் அறை பிச்சமுத்து உட்கார்ந்திருந்தார். மணப்பாறை மாட்டுச் சந்தையில் நாற்பது வருடம் தரகராக இருந்தவர். பெரிய மீசை, தோளில் எப்போதும் ஒரு துண்டு.

"சாருக்குக் கை நடுங்குது தம்பி. நான் புடிச்சுக்கறேன். வாயே திறக்க மாட்டேன்" என்று ஆஸ்டினிடம் சொன்னார். சொன்னபடியே அப்பாவின் கையைப் பிடித்து அதன்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டார். ஆஸ்டின் நெகிழ்ந்துபோனார். தாளில் 'நல்ல நட்புறவு' என்று குறித்துக்கொண்டார். நடுவில் அப்பா சட்டைப் பையிலிருந்து அந்தோணியார் படம் போட்ட பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்துப் பார்த்தார். ஆஸ்டின் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் காத்திருந்தார்.

இருபத்தாறு.

"மேடம், இது ரொம்ப அபூர்வம்" என்றார் ஆஸ்டின், வெளியே வந்து. "இந்த நோய்ல மார்க் ஏறாது, இறங்கத்தான் செய்யும். அடுத்த தடவையும் ஏறுச்சுன்னா கட்டுரை எழுதலாம்னு இருக்கேன்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். அப்பா செருப்பை இடம் மாற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, எங்க வேலையில படத்துல விரிசல் தெரியலைன்னா முதல்ல படம் எடுத்த விதத்தைத்தான் சந்தேகப்படுவோம்" என்றேன். ஆஸ்டினுக்கு மகிழ்ச்சியில் அது காதில் விழவில்லை.

அந்தச் செவ்வாய் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

மார்ச் பதினொன்றாம் தேதி காலை பத்தே முக்காலுக்கு ஆலையில் இருந்தபோது போன் வந்தது. ஒரு பெண் குரல்.

"பெலிண்டாங்களா? நான் ஆனந்தவள்ளி. ஸ்ரீரங்கத்துல ஒரு ஸ்கூல்ல தேர்வு மையத்துக்கு முதன்மைக் கண்காணிப்பாளர். ஒருத்தர் சட்டைக் காலர்ல உங்க நம்பர் எழுதியிருக்கு."

"அப்பாதாங்க. என்ன ஆச்சு? அடிபட்டிருக்கா?"

"அதெல்லாம் இல்லீங்க. நல்லா இருக்காரு." குரலைத் தாழ்த்தினார். "பறக்கும் படையா வந்திருக்காரு."

நான் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. நடந்ததை ஆனந்தவள்ளி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அப்பா காலையில் வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொண்டு, திறந்த கேட் வழியாக வெளியேறி, இரண்டு கிலோமீட்டர் நடந்திருக்கிறார். லாரி போகும் ரோடு. வழியில் எந்தப் பள்ளி வாசலில் போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாரோ அந்தப் பள்ளிக்குள் திரும்பியிருக்கிறார். போலீஸ்காரர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். "அவர் நடந்து வந்த விதம் அப்படிங்க" என்று பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

பிளஸ் டூ கணக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அப்பா எந்த அறைக்குள்ளும் போகவில்லை. வராந்தாவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் ஒரு விநாடி நின்றார். அவ்வளவுதான். பின்பக்க ஜன்னல்களுக்குக் கீழே பிறகு நான்கு பிட் கிடந்தன. நிஜப் பறக்கும் படை அன்று வரவே இல்லை.

பிறகு முதன்மைக் கண்காணிப்பாளர் அறைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"அடையாள அட்டை காட்டுங்க சார்" என்று, நான் வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த ஆனந்தவள்ளி கடைசியில் கேட்டார்.

"அட்டையெல்லாம் எதுக்கும்மா? ஆர்டர் இருக்கு." சட்டைப் பையிலிருந்து அந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து, அந்தோணியாருக்குப் பின்னாலிருந்து ஒரு சீட்டை உருவி நீட்டினார்.

ஆனந்தவள்ளி படித்தார். பொடிப்பொடியாக, முத்து முத்தாக எழுதிய எழுத்து. முன்பக்கம் தேதி, கிழமை, மாதம், வருடம். இடம்: ஸ்ரீரங்கம், மேலூர் ரோடு. தரைத்தளம். பின்பக்கம்: மாம்பழம், சாவி, குடை.

"சார், இது ஆர்டர் மாதிரி தெரியலையே."

"பின்ன?"

"பிட் மாதிரி இருக்கு சார்."

அப்பா கையை நீட்டி வாங்கினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் படித்தார். திருப்பினார். இரண்டாவது பக்கத்தில் நெடுநேரம் இருந்தார்.

"ஆமா. பிட்தான்" என்றார். "எந்த ஹால்ல புடிச்சீங்க?"

"உங்க பாக்கெட்லதான் சார் இருந்துச்சு."

"என் பாக்கெட்லயா?"

"இப்பத்தான் எடுத்துக் குடுத்தீங்க."

நான் உள்ளே நுழைந்தபோது அந்த இடத்தில்தான் இருந்தார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. ஆனந்தவள்ளி என்னை நிமிர்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார், என்ன செய்வது என்று.

"ஃபாரம் குடுங்க" என்றார் அப்பா.

"என்ன ஃபாரம் சார்?"

"ஒழுங்கீனத்துக்கு ஒரு ஃபாரம் இருக்குமேம்மா. புதுசா நீங்க? மாணவர் விளக்கக் கடிதம் எழுதணும்ல."

"விடுங்க சார், பரவால்ல."

"பரவால்லையா?" அப்பாவின் குரல் உயர்ந்ததை நான் வாழ்க்கையில் இரண்டு முறைதான் கேட்டிருக்கிறேன். "புடிச்சவனுக்கெல்லாம் எழுதியிருக்கேன். எட்டாயிரம் பசங்க அழுதிருக்காங்க. எனக்குன்னா பரவால்லையா?"

எட்டாயிரம் என்பது மிகை. முந்நூறுக்கு மேல் இருக்காது. நான் திருத்தவில்லை. ஆனந்தவள்ளி ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி வைத்தார். அப்பா எழுதினார். அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது.

'இந்தச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது உண்மை. இதைக் கொடுத்தது யார் என்று எனக்கு நினைவில்லை. இதைப் பார்த்து நான் எழுதினேனா என்பதும் நினைவில்லை. எந்தப் பரீட்சை என்று தெரியவில்லை. பரீட்சை எதுவானாலும் அதை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன். செபஸ்தியான்.'

தேதி போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தார். சீட்டை எடுத்துப் பார்க்கக் கை போனது. பாதியில் நிறுத்தினார். தேதி போடாமலே நீட்டினார்.

ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அம்மா மண்டபம் ரோட்டில் திரும்பும்போது, "வீட்ல சொல்லிராதீங்க" என்றார்.

மாலை நிழலுக்குத் திரும்பியதும் முன்கட்டு முழுவதும் கூடியிருந்தது. நான் சீட்டை லூர்துராணியின் மேசைமேல் வைத்தேன். கையெழுத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"மாமி! இங்க வாங்க."

ரங்கநாயகி மாமி ஐந்தாம் அறை. வடக்குச் சித்திரை வீதிக்காரர். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடியில் கையைக் கோத்து உட்கார்ந்து, கொஞ்சமும் அசராமல் சொன்னார்.

"ஆமாம், நான்தான் எழுதினேன். தினமும் கார்த்தால எழுந்து ஸ்லோகம் சொல்லிட்டு முதல் காரியம் அதுதான். அந்தப் பிள்ளையாண்டான் என்னைக்கு வருவான்னு தெரியாதோன்னோ? தேதி தினம் மாறறதே. அதனால தினம் புதுசா எழுதணும்."

"நவம்பர்லேர்ந்தா?"

"ஒரு நாள் விட்டதில்லை. ஏகாதசிக்குக்கூட."

"அந்த மூணு வார்த்தை?"

"எனக்கும் அதையேதானே கேட்டான். பிச்சமுத்துவுக்கும் அதேதான். மாம்பழம், சாவி, குடை. வருஷக்கணக்கா ஒரே கேள்வித்தாள் வெச்சிண்டு சுத்தினா வெளில வராம இருக்குமா?"

லூர்துராணி ஆஸ்டினைக் கூப்பிடக் கையில் எடுத்த போனைக் கீழே வைத்தார். "அந்தோணியார் படம் ஏது மாமி உங்ககிட்ட?"

"பூக்காரிகிட்ட சொல்லி வாங்கிண்டு வரச் சொன்னேன். சும்மா காகிதத்தைப் பாத்தா பிடுங்கிடுவான். ஜெபச் சீட்டுன்னா தொடமாட்டான். அவனும் கிறிஸ்தவந்தானே."

நான் யாரிடம் தோல்வி கேட்டேனோ அவர் முதுகில் விடை இருந்திருக்கிறது.

"சார் வாங்கிப்பாரோ மாட்டாரோன்னு பயமா இருந்தது" என்றார் மாமி. "நேர்மையான மனுஷர். அதனால 'சார், இன்னிக்கு ஆர்டர் வந்தாச்சு'ன்னு கொடுத்தேன். உடனே எழுந்து நின்னு வாங்கிண்டார். தினமும் அப்படித்தான்."

அதுதான் காரணம். தேதியும் ஊரும் எழுதிய சீட்டைத் தினமும் காலையில் ஆர்டர் என்று கொடுத்தால், மார்ச் மாதத்தில் அவர் வேறு என்ன செய்வார்? டூட்டிக்குப் போயிருக்கிறார்.

பிச்சமுத்து தானாகவே முன்னால் வந்தார். "என்னையும் கேளுங்கம்மா. மாமி எழுத்து பொடிசு, சாருக்குக் கண்ணு மங்கல். அதனால தேதியை நான் துண்டுக்கடியில விரல்ல சொன்னேன். சந்தையில வெல பேசுவம்ல, அப்படி. ஒரு விரலு, அப்புறம் நாலு விரலு அமுக்குனா பதினாலு. சாரு கணக்கு வாத்தியாரு, டக்குனு புடிச்சுக்குவாரு."

ஒரு வழி தவறினால் இன்னொரு வழி. எங்கள் ஆலையில் கொதிகலனுக்குக்கூட இவ்வளவு முன்னேற்பாடு கிடையாது.

"ஏன் அண்ணே இப்படிப் பண்ணீங்க?" என்றேன். "லாரி ரோடு அது."

பிச்சமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாப்பா, பின்கட்டுக்குப் போன ஒருத்தரும் திரும்பி வந்து நான் பாத்ததில்ல. போன வருசம் எங்கூட சீட்டாடுன ராமரு போனாரு. கதவு சாத்துனாங்க. அவ்ளோதான். சந்தையில அடிமாட்டைத் தனியா ஓட்டுவாங்க, அது மாதிரி. சாரை அப்படி விடச் சொல்றியா?"

அப்பா தோற்றால் அவர் உயிர் பிழைப்பார் என்று நான் நினைத்தேன். ஜெயித்தால் பிழைப்பார் என்று அவர்கள் நினைத்தார்கள். இரண்டு பக்கமும் அவரையே காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஆஸ்டின் மறுநாளே வந்தார். கட்டுரை போன துக்கம் முகத்தில் தெரிந்தது. அப்பாவின் விளக்கக் கடிதத்தைப் படித்துவிட்டு, புதிய கேள்வித்தாளை எடுத்தார். துண்டு இல்லை, படம் இல்லை. நான் பக்கத்தில் இருக்கலாம், பேசக் கூடாது.

"இன்னைக்கு என்ன கிழமை சார்?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார், பக்கத்துத் தாளைப் பார்த்துவிட்டவர் மாதிரி.

"தெரியாது."

"என்ன மாதம்?"

"தெரியாது."

"தோராயமா?"

"தோராயமா எழுதறது தப்பு."

பேனாவைக் காட்டியபோது பேனா என்றார். கடிகாரத்தைக் கடிகாரம் என்றார். ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னார், தாளை மடித்துக் கொடுத்தார். நூறிலிருந்து ஏழு கழிக்கச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து. போதும் சார் என்றார் ஆஸ்டின். அப்பா நிறுத்தவில்லை. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்று என்று இறங்கிக்கொண்டே போய், "ஒன்பது, ரெண்டு. மீதி ரெண்டு" என்று சொல்லிவிட்டுத்தான் நின்றார்.

மொத்தம் ஒன்பது மார்க்.

நான் ஐந்து மாதம் கேட்டது கிடைத்தது. வராந்தாவுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திரும்பி வந்தபோது அப்பா ஆஸ்டினைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"காப்பி அடிச்ச பையன் என்ன ஆனான்?"

"ரூம் மாத்துறோம் சார்."

"சரி" என்றார். "நியாயம்தான்."

அவராகவே நடந்து போனார். பிச்சமுத்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக் கதவுவரை வந்தார். பூட்டு விழுகிற சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமி அறையை விட்டு வரவே இல்லை.

உள்ளே வராந்தா வட்டமாகப் போகிறது. எங்கே நடக்கத் தொடங்கினாலும் முட்டி நிற்கும் சுவர் இல்லை, புறப்பட்ட இடத்துக்கே வரும். கழிவறைக் கதவுகள் மட்டும் மஞ்சள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதில்லை. இட்லி ஒரு தட்டு, பொங்கல் ஒரு தட்டு முன்னால் வைப்பார்கள், கை போகிற பக்கம். "ஞாபகம் இருக்கா?" என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்கக் கூடாது. அது விதி, சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நான் முதல் வாரத்தில் மூன்று முறை மீறினேன்.

அப்பா இரண்டே நாளில் அந்த இடத்தைப் புரிந்துகொண்டார். நடுக்கூடத்தில் தனித்தனி மேசைகளில் பதினொரு பேர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாருடனும் பேசவில்லை. அவர் பார்த்ததிலேயே ஒழுங்கான தேர்வு அறை அதுதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வட்டமாக நடக்கத் தொடங்கினார். எதிரே வரும் லூர்துராணி நின்று அவரிடம் கேட்பார்:

"ஹால் அமைதியா இருக்கா சார்?"

"இருக்கு. நல்ல பசங்க."

ராமர் உயிரோடுதான் இருந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். நான் கைப்பேசியில் படமெடுத்துப் பிச்சமுத்துவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "மீசைய ஏன் எடுத்துட்டாங்க?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் லூர்துராணியிடம் போய், மாதம் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கேட்டாராம். மாதம் எதற்கு, தினமும் வாருங்கள் என்றாராம் அவர். இத்தனை வருடம் யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல், மே, ஜூன். ஒருமுறைகூட விழவில்லை, மாத்திரை இருமுறை போகவில்லை. ஜூலையில் நுரையீரலில் சளி கட்டியது. நான்கு நாள். பெரிய சிரமம் இல்லாமல் போனார். வெளியில் இருந்திருந்தால் இன்னும் நாள் கூடியிருக்குமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். லாரி ரோட்டைப் பற்றிச் சொல்வேன். முன்பே மாற்றியிருக்க வேண்டும் என்று சொல்பவர்களிடம் எதுவும் சொல்வதில்லை.

சளி கட்டுவதற்கு முந்தைய சனிக்கிழமை போயிருந்தேன். நான் நடுக்கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததும் வந்து பக்கத்தில் நின்றார்.

"புதுசா வந்திருக்கீங்களா?"

இல்லை அப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். சுவரில் இருந்த விதியைப் பார்த்தேன். "ஆமா சார்" என்றேன். அவரை நான் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"துவாக்குடி சார்."

"அவ்ளோ தூரத்துலேர்ந்தா? டூட்டி போடுறவனுக்கு அறிவு வேண்டாம்?" குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "ரொம்ப அலுத்துப்போய்த் தெரியறீங்க. போய் டீ குடிச்சிட்டு வாங்க. ஹாலை நான் பாத்துக்கறேன்."

"பரவால்ல சார்."

"போங்கம்மா. நான் இருக்கேன்ல."

போனேன். சமையலறைக்கு வெளியே உட்கார்ந்து ஒரு டம்ளர் டீயை முழுசாக, ஆறுவதற்குள் குடித்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அப்பா நடக்காமல் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். என் நாற்காலியின் முதுகில் கை வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். ராமர் இரண்டு தரம் உட்கார வந்தாராம். "ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று சொல்லி விரட்டிவிட்டாராம்.